ஆபீசர் செடியும் மேலூரான் செடியும்

அந்தச் செடியைப் பற்றி எங்கள் ஊரில் மூன்று நல்ல வார்த்தைகள் சொன்னார்கள். ஆடு தின்னாது. மாடு தின்னாது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். சொன்னவர் கிராம சேவக். முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். அன்றைக்கு அவர் கேரியரில் ஒரு கட்டுக் குச்சி இருந்தது. ஆடும் தொடாது, மாடும் தொடாது, தண்ணீர் இல்லாமலும் சாகாது என்றால் நாளைக்கு இதை எப்படி ஒழிப்பது என்று, கூடியிருந்த முப்பது நாற்பது ஆண்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நாலு பேர் எதிரில் வாய் திறக்க எனக்கு இன்றைக்கும் வராது.

இது நடந்தது அறுபதுகளின் நடுவில். எங்கள் ஊர் எளாவூருக்கு மேற்கே, ஓர் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. ஆந்திரா எல்லைப் பக்கம் என்பதால் எங்கள் தெருவில் எல்லா அப்பாக்களும் நைனாதான். குச்சிக் கட்டைப் பார்த்ததும் முதலில் கை நீட்டியவர் என் நைனா. ஆபீசு ஆள் யாராவது வந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. கிராம சேவக் அவரை ஒரு தடவை 'முன்னோடி விவசாயி' என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக நைனா ஏரிக்கரை முழுவதும், கால்வாயின் இரண்டு பக்கமும், முழத்துக்கு ஒரு குச்சி நட்டார். கரையை மண் அரிக்காமல் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். பிடித்துக்கொண்டது உண்மைதான். பிடித்ததை விடவே இல்லை.

புத்தகத்தில் அதற்கு நெய்வேலிக் காட்டாமணக்கு என்று பெயர் போட்டிருப்பதைப் பின்னால் பார்த்தேன். எங்கள் ஊரில் அது ஆபீசர் செடி. கத்தரிப்பூ நிறம் வெளுத்த மாதிரி, புனல் போல ஒரு பூ பூக்கும். வாசனை கிடையாது. பறித்துத் தலையில் வைத்தால் பின்னல் போட்டு முடிப்பதற்குள் தொங்கிவிடும். சாமிக்கும் யாரும் வைக்கவில்லை. ஆனாலும் முதல் வருஷம் ஏரிக்கரை முழுவதும் பூத்தபோது ஊரே போய்ப் பார்த்தது. நைனா மல்வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் கிராம சேவக் இன்னொரு யோசனை சொன்னார். இதையே தழையாக வெட்டி வயலில் மிதித்தால் நல்ல உரம், செலவு மிச்சம் என்றார். கொளுஞ்சியையும் ஆவாரையையும் மிதித்துப் பழகிய ஊர். நடவுக்கு முன்னால் சேற்றில் தழையைப் பரப்பிப் பெண்கள் வரிசையாக நின்று மிதிப்பார்கள். அந்த வருஷம் ஆபீசர் செடியைப் பரப்பினார்கள். என் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, வயலுக்குள் இறங்கிய உடனே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, தழையா வெறகா? காலெல்லாம் கீய்ச்சுது."

"மிதிடி பேசாம. ஆபீசர் சொல்லிக்கீறாரு," என்றாள் அம்மா.

"அவுரு ஷூ போட்டுக்கினு சொல்லுவாரு."

நட்ட நாற்று பச்சை பிடிப்பதற்கு முன்னால் ஆபீசர் செடி பச்சை பிடித்தது. பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் நாற்றுக்கு நடுவே கணுவுக்குக் கணு இரண்டு இலை. மிதித்த குச்சி ஒன்றுகூட மக்கவில்லை. வயலில் நின்ற எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது, நைனாவைத் தவிர.

"மண்ணுல சத்து கீதுன்னு அர்த்தம். இல்லேன்னா வெட்டின குச்சி துளிர்க்குமா?" என்றார்.

"அப்போ உன் கைத்தடிய நட்டு வையி மாமா. அதுவும் துளிர்க்குதான்னு பாத்துட்லாம்," என்றாள் சின்னம்மா.

அத்தனையையும் கையால் பிடுங்கினோம். பிடுங்கியதை என்ன செய்வது? எரிக்க மாட்டார்கள். அதன் பால் புகையில் ஏறிக் கண்ணைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. எங்கள் ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அழுக வேண்டியதை ஏரியில் போடுவது. வைக்கோல் கூளம், வாழைச்சருகு, எதைப் போட்டாலும் ஒரு மாதத்தில் நாறிச் சேறாகிவிடும். ஆகவே கட்டுக் கட்டாக வெட்டி ஏரியில் போட்டார்கள். தண்ணீரே வேண்டாம் என்று சொன்ன செடியைத் தண்ணீரில் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு மழை கழித்து ஏரியின் தென்பக்கம் முழுவதும் ஆள் உயரத்துக்குப் புதர். கோரை போய்விட்டது. நாரைகள் நடக்க இடமில்லாமல் வேறு ஏரி பார்த்துக்கொண்டன. பக்கத்து வீட்டு எருமை ஒன்று தண்ணீருக்கு இறங்கிப் புதரில் மாட்டிக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கத்தியது. கிராம சேவக்குக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. புது ஊரிலும் குச்சிக் கட்டோடுதான் போய் இறங்கியிருப்பார்.

எட்டாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஏரியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்துகொண்டிருந்தது. கலங்கல் என்பது கரையில் ஓரிடத்தில் தாழ்வாகக் கட்டிய கல்சுவர்; அதைத் தாண்டி விழும் தண்ணீர் ஓடையாகிக் கிழக்கே போகும். நான் கூழ்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனபோது நைனாவும் மற்றவர்களும் மார்பளவு தண்ணீரில் நின்று, வெட்டிய செடியை மூங்கில் கழியால் கலங்கலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டும் சுவரில் ஏறி ஒரு நொடி நின்று, அப்புறம் அந்தப் பக்கம் சரிந்து விழுந்தது.

என்னோடு வந்த சின்னம்மா கேட்டாள். "எங்க மாமா அனுப்புறே இத்த?"

"தண்ணி இழுத்துக்கினு போவும். கடல்ல போயி உப்புல சாவும்."

"கடலுக்குப் போற வழியில ஊரு இன்னா ஒண்ணும் இல்லியா?"

"ஓடுற தண்ணி எங்க நிக்கும்? போடி, கூழ ஊத்து."

கடலுக்குப் போகிற வழியில் ஊர் இருந்தது. ஒன்றரைக் கல் தொலைவில் கீழூர். எங்கள் ஏரியின் மிச்சத் தண்ணீர்தான் அவர்கள் ஏரிக்கு வரவு. இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. நான் கூழ் ஊற்றினேன்.

அதற்கு அடுத்த தை மாதம் அந்தக் கீழூரிலிருந்தே என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா, என் மாமனாராகப் போகிறவர், உயரமானவர், சத்தமாகப் பேசுகிறவர். காப்பியை ஆற்றிக்கொண்டே நைனாவிடம் சொன்னார்: "உங்க ஏரிச் செடி எங்க ஏரிக்கு வந்துக்கீது சம்பந்தி. மழையில அடிச்சிக்கினு வந்துட்ச்சி. பொண்ணு குடுக்கிறதுக்கு மின்னாடியே சீர் அனுப்பிட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட நைனா அதிகமாகச் சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கீழூரில் என் மாமனாருக்கு இருந்தது முக்கால் ஏக்கர். அதுவும் கடைமடை. ஏரித் தண்ணீர் மற்ற எல்லா வயலையும் பார்த்துவிட்டு, கால்வாயின் கோடியில் கடைசியாக வந்து சேருகிற இடம். அந்த நெல்லில்தான் வீடு நடந்தது. அரிசி தீர்ந்துபோகிற மாதங்களில் கேழ்வரகு. ஆகவே அந்த வீட்டில் பேச்செல்லாம் கால்வாயைப் பற்றித்தான். கால்வாயைப் பற்றிப் பேசினால் அந்தச் செடியைப் பற்றிப் பேச வேண்டும். அங்கே அதற்குப் பெயர் மேலூரான் செடி. மேலூர் என்றால் என் ஊர். காலையில் எழுந்து வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டே மாமனார் மேலூரானைத் திட்டுவார். அவன் ஏரியைக் கவனிக்கத் துப்பு இல்லாதவன், சோம்பேறி, கரை ஓரம் மண்டவிட்டவன். திட்டில் எல்லாம் இருந்தது, தள்ளினான் என்பது மட்டும் இல்லை. அவருக்குத் தெரியாது.

அவர் என்னோடு நேராகப் பேசியதில்லை. அந்த வீட்டு வழக்கம் அது. நான் எதிரில் நின்றாலும் மாமியாரைப் பார்த்து, "தண்ணி குடுக்கச் சொல்லு" என்பார். ஆறு வருஷம் நான் அவருக்குச் சோறு போட்டேன். ஆறு வருஷமும் அவர் மாமியாரிடமே சோறு கேட்டார். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. கேள்வியே கேட்காதவரிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை.

எழுபதுகள் பிறந்து ஆறேழு வருஷத்தில் கீழூர் ஏரியும் எங்கள் ஏரி மாதிரியே ஆயிற்று. மதகு வாயை அடைத்து, கால்வாய்க்குள்ளும் இறங்கிவிட்டது. மாமனார் மனு எழுதிக்கொண்டு திருவள்ளூருக்குப் போனார். எந்தச் செடி என்று கேட்டால் காட்ட வேண்டுமே என்று மாதிரிக்கு ஒரு கட்டு வெட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார். அங்கே ஓர் ஆபீசில் இது செடி விஷயம், பக்கத்து ஆபீசுக்குப் போ என்றார்கள். பக்கத்து ஆபீசில் இது ஏரி விஷயம் என்றார்கள். ஒரு குமாஸ்தா மட்டும் செடி தண்ணீரில் நிற்கிறதா கரையில் நிற்கிறதா என்று அக்கறையாகக் கேட்டாராம். இரண்டிலும் என்றதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மாமனாருக்குக் கோபம். கட்டைக் குழாயடியில் எறிந்துவிட்டு வந்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி போனபோது குழாயடியில் அது இடுப்புயரத்துக்கு வளர்ந்து பூத்திருந்ததாம்.

"நல்லா கீது. தண்ணி ஊத்தறாங்க போலருக்கு," என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் மனு எழுதவில்லை.

அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் ஏரி நிறைந்திருந்தது. மேலிருந்து வருகிற தண்ணீரில் கலங்கலும் வழிந்தது. ஆனால் மழை நின்று இருபது நாள் ஆகியிருந்தது. எங்கள் முக்கால் ஏக்கரில் கதிர் பால் பிடிக்கிற நேரம். தண்ணீர் வரவில்லை. ஏரி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு வயல் விரல் நுழைகிற மாதிரி வெடித்துக் கிடந்தது. இன்னும் நாலு நாளில் தண்ணீர் பாயாவிட்டால் கதிர் பதராகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் குறைவாகப் பேசுகிறவர். சொன்னால் சரியாக இருக்கும்.

அதே வாரம் பழவேற்காடு பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற அம்மா வாசலில் உட்கார்ந்து புலம்பினாள். "மேல இருந்து கட்டை கட்டையா வருதும்மா. வலையில மாட்டிக்கினு ஒரே பேஜாரு. ஊட்டுக்காரு அறுத்துக் கரையில போட்டா, கரையில மொளைக்குது."

"உப்புத் தண்ணியில சாவலியா?" என்று கேட்டேன்.

"முகத்துவாரம் வரைக்கும் போனாத்தானே சாவறதுக்கு? எங்க ஓடையிலயே நின்னுக்குது."

கீழூரிலும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று தண்டோரா போட்டார்கள். முதல் நாள் முழுவதும் வெட்டுவதிலேயே போயிற்று. மறுநாள் காலையில் நான் கஞ்சிப் பானையோடு ஏரிக்குப் போனேன். மதகுக்கு முன்னால் வெட்டிய செடி மலையாகக் கிடந்தது. அதை அகற்றினால்தான் தண்ணீர் கால்வாயில் இறங்கும். கரைமேல் தூக்கிப் போட வேண்டுமென்றால் மூன்று நாள் வேலை. தண்ணீரிலேயே மிதக்கவிட்டுக் கலங்கலுக்குத் தள்ளினால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். சாயங்காலம் எங்கள் வயலில் தண்ணீர் இருக்கும்.

கரையில் நின்று மாமனார் வேட்டியை மடித்துக் கட்டினார். "கலங்கலுக்குத் தள்ளுங்கடா. தண்ணி இழுத்துக்கினு போவும். கடல்ல போயி உப்புல சாவும்."

தண்ணீரில் நின்ற ஒருவர், "வழியில குப்பத்துக்காரன் கீறானே பெரியப்பா," என்றார்.

"ஓடுற தண்ணி எங்கடா நிக்கும்?"

எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் தெரியாது. யாரும் என்னைக் கேட்கவில்லை. "எங்க நைனாவும் இதையேதான் சொன்னாரு," என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கழி போடுகிற சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. தண்ணீரில் நின்றவர் திரும்பி, "இன்னா சொன்னாரு?" என்றார்.

"கடல்ல போயி உப்புல சாவும்னு. இப்டியேதான் நின்னு கலங்கலுக்குத் தள்ளினாங்க. நான் கூழ் எடுத்தாந்தேன்."

அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ ஆரம்பித்தார்கள். "பெரியப்பா, சீரு மழையில அடிச்சிக்கினு வர்லியாம். சம்பந்தி ஆள் வச்சு அனுப்பிச்சிக்கீறாரு." ஏரியே சிரித்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் என்னைப் பார்த்தார். மாமியார் அங்கே இல்லை. நடுவில் யாரை வைத்துப் பேசுவது என்று தெரியாமல் சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, நேராகவே கேட்டார்.

"எத்தினி வருசமாத் தெரியும் உனுக்கு?"

"கண்ணாலத்துக்கு மின்னாடியே மாமா."

அவர் வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினார். "மேல தூக்குங்கடா. எல்லாத்தையும் கரைமேல போடுங்க. குப்பத்துக்காரன் எவனும் நம்மள மேலூரான்னு சொல்லக் கூடாது."

இதில் நல்ல மனது என்று ஒன்றும் கிடையாது. வெறும் ரோஷம். ஆறு வருஷம் வாசலில் நின்று திட்டிய திட்டெல்லாம் தன் பக்கம் திரும்பப் போகிறதே என்ற ரோஷம். நானும் குப்பத்தை நினைத்துப் பேசினேன் என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. அதே வார்த்தையை இரண்டாம் தடவை கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். ஊர் ஆண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஒரு மத்தியான வேலையை மூன்று நாள் வேலையாக்கியவள் நான்.

மூன்று நாளும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். நான்காம் நாள் மத்தியானம் தண்ணீர் எங்கள் வயலைத் தொட்டது. கால்வாய் பக்கத்துப் பாதி வயல் பிழைத்தது. மறு பாதி நிமிர்ந்தே நின்றது. கதிரில் கனம் இருந்தால்தானே தலை சாயும்.

அறுவடை முடிந்து மாமியார் களத்தில் முறத்தால் தூற்றினார். காற்றில் போனதுதான் அதிகம். பதர் என் புடவையெல்லாம் ஒட்டியது. மாமியார் கையை நிறுத்தாமலே சொன்னார்: "ஆறு வருசம் வாயத் தொறக்காம இருந்தே. அதோட இன்னும் நாலு நாள் சேத்து இருந்திருக்கக் கூடாதா?"

நான் புடவையை உதறினேன். அந்த வருஷம் மாசியிலேயே கேழ்வரகு ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு நாளும் கூழ் ஊற்றும்போது மாமியார் என் கரண்டியைப் பார்ப்பார்.

கரைமேல் போட்ட செடி சித்திரை வெயிலில் காய்ந்து வெளுத்தது. எலும்பு மாதிரி இருந்தது. செத்தது என்று ஊரே நம்பியது. என் வீட்டுக்காரர் இரண்டு சுமை கொண்டுவந்து வைக்கோல் போரைச் சுற்றி வேலி கட்டினார். ஏன் இது என்று மாமியார் கேட்டதற்கு, "ஆடு துன்னாது பாரு," என்றார். எனக்கு எங்கேயோ கேட்ட வார்த்தை மாதிரி இருந்தது. காய்ந்த குச்சிதானே என்று நானும் பிடித்துக் கட்டினேன். கயிறு முடிந்தது நான்தான்.

ஆடியில் நாலு மழை பெய்தது. ஒரு நாள் விடிகாலையில் சாணி தெளிக்க வெளியே வந்தேன். மாமனார் வைக்கோல் போர் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார். வேலியில் பாதிக் குச்சிகளில் கணுவுக்குக் கணு இரண்டு இலை. எல்லாம் காயவில்லை போலிருக்கிறது. குவியலின் அடியில் கிடந்தவை உயிரை வைத்துக்கொண்டு இருந்திருக்கின்றன.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத்த யார்கிட்டயும் சொல்லிக்காதே."

சரி என்றேன். இரண்டு பேருமாகச் சத்தமில்லாமல் பிடுங்கினோம். ஏரியில் போட முடியாது. கரையில் போட முடியாது. குப்பையில் போட்டால் ஊர் பார்க்கும். கடைசியில் அவரே வெட்டுக்கத்தியால் விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்தார். நான் அடுப்பில் வைத்தேன். அன்றைக்குக் கூழ் காய்ச்ச அந்த விறகுதான். கண்ணைக் கெடுக்கும் என்று ஊரில் சொன்னது முழுக்கப் பொய் இல்லை. மத்தியானம் வரைக்கும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்டியது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிப் பக்கம் வந்து பார்த்தாள். "இன்னாடி இப்டி அழுவுற? உன் மாமனாரு எதுனா சொன்னாரா?"

"சொன்னாருக்கா," என்றேன்.

"இன்னா சொன்னாரு?"

நான் அடுப்பை ஊதினேன்.